அரை ரூபாய் யார் பக்கம்?

1,002 ரூபாய் 50 காசை முழு ரூபாயாக்கினால் எவ்வளவு? பள்ளிக் கணக்குப் படித்த எவரும் 1,003 என்பர். சட்டமும் அதையே கூறுகிறது. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் (2017) 170-ஆவது பிரிவின்படி, 50 காசோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்த வேண்டும். குறைந்தால் விட்டுவிட வேண்டும். ஆனால், இதே தொகையைப் பைத்தான் நிரல்மொழியின் இன்றைய பதிப்பில் முழுமையாக்கிப் பார்த்தேன். விடை 1,002 என்று வந்தது.

இது பிழையன்று, வேறொரு விதி. சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே தள்ளினால், பல லட்சம் கணக்குகளின் கூட்டுத்தொகை சிறுகச் சிறுக வீங்கிவிடும். அதைத் தவிர்க்கவே, அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு நகர்த்தும் முறை உருவானது. பைத்தானின் இரண்டாம் பதிப்பு 2.5-ஐ 3 ஆக்கியது; மூன்றாம் பதிப்பு 2 ஆக்குகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ 2.5-ஐ 3 ஆகவும், மைனஸ் 2.5-ஐ மைனஸ் 2 ஆகவும் மாற்றுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி எண்களை இரும முறையில் சேமிப்பதால், பெரும்பாலான தசம பின்னங்களை அதனால் துல்லியமாக வைத்திருக்க இயலாது. 2.675 என்று நாம் எழுதுவது, உள்ளே அதைவிட இம்மியளவு குறைந்த எண்ணாகவே பதிவாகிறது. இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கினால் 2.68-க்குப் பதில் 2.67 கிடைக்கிறது.

ஒரு காசுக்காக இவ்வளவு விசாரமா என்று கேட்கலாம். கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை அதற்கு விடை சொல்லும். 1982 ஜனவரியில் 1,000 புள்ளிகளுடன் தொடங்கிய அதன் குறியீட்டெண், ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பின்னும் மறுபடி கணக்கிடப்பட்டது. மூன்றாம் தசம இடத்துக்கு அப்பால் உள்ளவற்றை மென்பொருள் முழுமையாக்காமல் வெட்டி எறிந்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் சுமார் 524-க்குச் சரிந்திருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது 1,098-ஐத் தாண்டியது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சேர்ந்து, சந்தையின் மதிப்பையே பாதியாகக் காட்டியிருந்தன.

பணத்தோடு இது நிற்பதில்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1992-இல் நடந்த தேர்தலில், பேரவைக்குள் நுழைய 5 சதவீத வாக்குகள் தேவை. பசுமைக் கட்சி பெற்றது 4.97 சதவீதம். ஒரு தசம இடம் மட்டுமே காட்டிய மென்பொருள் அதை 5.0 என்றது. கட்சி வென்றதாகக் கருதப்பட்டு, பின்னர் அந்த அறிவிப்பு திருத்தப்பட்டது. நம் நாட்டில், ஒடிசா நீதித்துறைப் பணித் தேர்வில் 45 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 44.93 சதவீதம் பெற்றவரின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. விதியில் இடமில்லாதபோது முழுமையாக்க முடியாது என 2011-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் சாரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: முழுமையாக்கல் வெறும் கணிதமன்று, அதிகாரம் தரப்பட்டவர் எடுக்க வேண்டிய முடிவு. இன்று வரி, ஊதியம், ஓய்வூதியம், தரவரிசை அனைத்தையும் மென்பொருளே கணக்கிடுகிறது. விதி மௌனமாக இருக்கும் இடத்தில், நிரல்மொழியின் இயல்பு அமைப்பே சத்தமின்றி முடிவெடுத்துவிடுகிறது. விதி தெளிவாக இருந்தாலும், நிரலாளர் கவனிக்காவிட்டால் அது மீறப்படுகிறது.

தீர்வு கடினமன்று. எந்தக் கட்டத்தில், எத்தனை இடங்களுக்கு, சரிபாதியை எப்பக்கம் முழுமையாக்குவது என்பதை ஒவ்வொரு விதியும் அறிவிக்கையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பணத்தைக் காசுகளாக முழு எண்ணில் வைத்தோ, தசமக் கணக்குக்கென உள்ள வசதியைக் கொண்டோ கணக்கிட வேண்டும். அரசு மென்பொருள்கள் ஏற்கப்படும் முன், 50 காசில் முடியும் தொகைகளையும் தகுதி எல்லையை ஒட்டிய மதிப்பெண்களையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

அரை ரூபாய் எப்பக்கம் சேர வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லட்டும். சட்டம் சொன்னதைக் கணினி செய்கிறதா என்று பார்ப்பது அரசின் கடமை.