பேகனும் கம்பளிச் சட்டையும்

மும்பைக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று வடநாட்டார் பரிகசிப்பதுண்டு. ஆயினும் 1962 ஜனவரி 22 அன்று சாந்தாகுரூஸில் உஷ்ணமானி 7.4 டிகிரிக்கு இறங்கிய விருத்தாந்தமும் இந்நகருக்கு உண்டு. அவ்வளவு கடுமை அபூர்வமே என்றாலும், மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் மாட்டுங்காவில் கோலமிட எழும் பெண்கள் சால்வையைத் தேடத்தான் செய்கிறார்கள்.

இப்பருவத்தில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் மாலையில் உலாவ வரும் செல்வ நாய்கள் பலவற்றின் மேல் கம்பளிச் சட்டையைக் காணலாம். சைபீரியப் பனியில் உறங்கிய மூதாதையரின் இரட்டை ரோமத்தைச் சுமந்துகொண்டு, ஆண்டின் பெரும்பகுதி இவ்வூர்ப் புழுக்கத்தில் இளைத்துத் தவிக்கும் ஹஸ்கி, சற்றே நிம்மதியாக மூச்சுவிடக் கிடைத்த இரண்டு மாதத்திலும் அதற்குச் சட்டை மாட்டிவிடுவது ஜீவகாருண்யந்தான், சந்தேகமில்லை. மயில் போர்வையை உடுத்தவும் போர்த்தவும் மாட்டாது என்று அறிந்தே வள்ளல் பேகன் அதைக் கொடுத்தான் என்கிறார் சங்கப் புலவர் பரணர்; நம்மவர் அறியாமல் கொடுக்கிறார்கள்.

வாஸ்தவத்தில் குளிரால் வருந்துபவை வேறு: குட்டை ரோமமுள்ள ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், மூட்டு நோவெடுத்த கிழ நாய்களும், நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் சக்தி இன்னும் வாய்க்காமல் தாயின் உஷ்ணத்தையே நம்பிக் கிடக்கும் பச்சிளங் குட்டிகளும். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது டிகிரி சூடுள்ள நாயின் சரீரத்திலிருந்து சிமெண்டுத் தரை இரவெல்லாம் உஷ்ணத்தை உறிஞ்சிவிடுவதால், வேண்டியது மேலே போர்வையன்று, கீழே விரிப்பு. நகரத்துப் பழஞ்சாக்கும் அட்டைப்பெட்டியும் மறுபிறவி எடுக்க வந்து குவியும் தாராவியில், குட்டி ஈன்ற தெருநாய்க்குப் பட்டறை வாசலில் கிழிந்த கோணி ஒன்றை மடித்துப் போடும் கூலித் தொழிலாளியின் செயலில், என் அபிப்பிராயத்தில், சாஸ்திர ஞானம் அதிகம். கோணி ஈரமானால் மட்டும் உடனே மாற்றிவிட வேண்டும். நனைந்த சாக்கு வெறுந்தரையைவிடக் கெடுதல்.

தும்முகிற பூனைக்குத் தைலம் தடவுவதும், காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கைப் பாலில் கரைத்துக் கொடுப்பதும் அன்பின் மிகுதியால் நேர்பவை. ஆனால் பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை; ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கப் போதுமானது. தடவிய கற்பூரத் தைலத்தையும் அது நக்கியே தீரும். கைவைத்தியத்துக்குப் பதில், பரேலில் நெடுங்காலமாக இயங்கிவரும் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லலாமே!

ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தொடங்கிய முயற்சியின் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், வளர்ப்பவர் தம் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் அளிக்காமையைக் குற்றமாக்கிற்று. முதல் முறைக்கு அது விதித்த அபராதமோ பத்து முதல் ஐம்பது ரூபாய். பால்கனிக் கம்பியில் இரவெல்லாம் நாயைக் கட்டிப் போடுபவரை அத்தொகை திருத்தப் போவதில்லை. ஆகையால் செம்பூர் சொசைட்டிகளின் காரியதரிசிகளிடம் விண்ணப்பித்துக்கொள்வதே மேல்: படிக்கட்டின் அடியில் சுருண்டு கிடக்கும் கிழ நாயை இந்த இரண்டு மாதமாவது வாட்ச்மேன் தடியால் எழுப்பாதிருக்கட்டும், எஞ்சின் சூட்டை நாடி உள்ளே பூனை ஏறியிருக்கக்கூடுமாதலால், காலையில் காரைக் கிளப்புமுன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டும்படி அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிவைக்கட்டும்.