வரச் சொன்னால் பேசவும் வேண்டும்: நிரந்தர வதிவிட விண்ணப்பம் பற்றி எமது நிலைப்பாடு

தொழில் தகைமையோடு நோர்வேக்கு வந்தவர்கள் நிரந்தர வதிவிட அனுமதி கேட்கும்போது பொலிஸ் அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டும் என்ற விதியை, ஒஸ்லோவின் குரோருட்டில் இயங்கும் எமது தமிழ் மன்றம் எதிர்க்கவில்லை. எதிர்க்கிறோம் என்று சிலர் பேசிக்கொள்வதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2012 முதல் வதிவிட அட்டையில் முகப்படமும் கைரேகையும் பதிவாகின்றன. விரலைத் தபாலில் அனுப்ப முடியாது. அந்தச் சந்திப்பை அரசு எதற்குப் பயன்படுத்துகிறது என்பதே எமது கேள்வி.

விண்ணப்பத்தைக் குடிவரவுத் திணைக்களமான யூடிஐயின் இணையதளத்தில் நிரப்பி, கட்டணத்தையும் அங்கேயே கட்டுகிறோம். பிறகு நேரம் பதிந்து, கடவுச்சீட்டோடும் ஆவணக் கட்டோடும் போகிறோம். வருமானம் வரித் திணைக்களத்துக்குத் தெரியும். முகவரி மக்கள் பதிவேட்டில் இருக்கிறது. மொழிப் பரீட்சையை நடத்துவதே அரசுதான். ஒரு திணைக்களத்தில் இருக்கும் தகவலை இன்னொரு திணைக்களத்துக்குச் சுமந்து கொடுக்கும் வேலை விண்ணப்பதாரிக்கு எதற்கு? அவரின் ஒப்புதலோடு அரசே அதை எடுத்துக்கொள்ளலாம்.

அரசிடம் முழுமையாக இல்லாத விவரம் ஒன்று உண்டு: நாட்டுக்கு வெளியே கழிந்த நாட்கள். எம்மவர்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். நிரந்தர அனுமதிக்கு நோர்வேயில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்திருக்கவேண்டும். அதற்குள் மொத்தம் ஏழு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. ஷெங்கன் எல்லைகளில் 2025 ஒக்டோபரில் தொடங்கிய மின்னணுப் பதிவு முறை, வதிவிட அட்டை உள்ளவர்களின் போக்குவரவைப் பதிவதில்லை. ஆகவே முத்திரைகளையும் விமானச் சீட்டுகளையும் வைத்து நாமே எண்ணிக்கொள்கிறோம். சென்னையில் தாய்க்குச் சத்திரசிகிச்சை, அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் தகப்பனின் செத்தவீடும் அந்திரட்டியும் என்று போய்வந்த குடும்பத்துக்கு ஏழு மாதம் பெரிய கணக்கல்ல.

நேரில் பார்ப்பதன் பயன் இந்த இடத்தில்தான் இருக்கவேண்டும். கடவுச்சீட்டைப் புரட்டும் உத்தியோகத்தர் விண்ணப்பதாரியோடு சேர்ந்து நாட்களை எண்ணட்டும். எண்ணிக்கை இடித்தால் அப்போதே சொல்லட்டும்; விளக்கத்தை எழுதி வாங்கட்டும். தேவையானால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கட்டும். ஆளை வரவழைத்து, கடதாசியை மட்டும் வாங்கிக்கொண்டு, குறையைப் பிறகு கடிதத்தில் அறிவிப்பது இரு தரப்புக்கும் நட்டம்.

கடவுச்சீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இலங்கை 2022 ஏப்ரல் 30 இல் தனது ஒஸ்லோ தூதரகத்தை மூடியது. நோர்வேக்கான பொறுப்பு ஸ்டொக்ஹோமுக்குப் போனது. அன்றைக்குக் கடவுச்சீட்டு காலாவதியாகவிருந்தவர்களுக்கு, வதிவிட அனுமதி கேட்பதற்கு முன்னரே ஒரு வெளிநாட்டு வேலை வந்து சேர்ந்தது. சொந்த நாட்டின் நிர்வாகத்தால் வரும் இத்தகைய தாமதத்தை விண்ணப்பதாரியின் அசட்டையாகக் கொள்ளக் கூடாது.

மொழி பற்றிச் சுருக்கமாக: பேச்சு நோர்வேஜிய மொழிக்கும் சமூக அறிவுக்கும் பரீட்சை வைப்பது நியாயம். ஆனால் வேலைக்காக வந்தவருக்கு அதைப் படிக்கும் கடமை உண்டு, இலவசமாகப் படிக்கும் உரிமை இல்லை. கடமையாக்கும் அரசு செலவிலும் பங்கெடுக்கவேண்டும்.

இடம் பற்றியும் கேட்கிறோம். குரோருட் மெட்ரோ நிலையத்திலிருந்து ரொம்சோஸ், ரொம்மன், அடுத்தது ஸ்டொவ்னர். இந்த நிலையங்கள் இருக்கும் குரோருட் பள்ளத்தாக்கில் வெளிநாட்டுப் பின்னணி கொண்ட குடும்பங்கள் செறிந்து வாழ்கின்றன. தமிழர்களும் அவர்களில் அடக்கம். கைரேகை எடுக்கும் மேசை ஒன்றை இப்பக்கத்திலேயே திறந்து, கிழமைக்கு ஒரு மாலையாவது நடத்தவேண்டும். பகல் வேலையில் இருப்பவர் அரைநாள் சம்பளத்தை இழக்கிறார்; ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கைரேகையும் வேண்டும் என்பதால் அவர்களின் பள்ளிக்கூடமும் தடைப்படுகிறது. அனுமதி நிரந்தரமானாலும் அட்டை காலாவதியாகும். ஆகவே இது ஒருநாள் அலைச்சலோடு முடிவதில்லை.

எமது அங்கத்தவர்களுக்கு: கையிலுள்ள அனுமதி முடிய ஒரு மாதத்துக்கு முன்னராவது விண்ணப்பியுங்கள். அப்படிச் செய்தவர், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு இங்கே வாழலாம், வேலை செய்யலாம். ஆனால் அட்டை காலாவதியானபின் ஊருக்குப் புறப்படுவதற்கு முன், திரும்பி நுழைய விசா வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விசாவை மரணம், கடும் நோய் போன்ற நேரங்களில் ஒரே நாளில் முடிவு செய்யும் வழியையும் யூடிஐயிடம் கேட்கிறோம்.