டர்போபிராப் விமானங்களுக்குப் பனி அபாயம்: வெப்பமண்டல வானமும் விலக்கல்ல

கல்லாறு (திருவனந்தபுரம்): பொன்முடி அடிவாரத்தில் உள்ள கல்லாற்றில் பனி உறைவதில்லை. ஆனால், பருவமழைக் காலத்தில் இப்பகுதியின் மீது திரளும் மேகங்கள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது 16,000 அடியை ஒட்டி, உறைநிலையை எட்டுகின்றன. பொன்முடியைப் போல நான்கைந்து மடங்கு உயரம் அது. சேலம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களைச் சென்னையுடன் இணைத்து வந்துள்ள ஏடிஆர் 72 வகை விமானங்களின் வழக்கமான பறப்பு உயரமோ 17,000 முதல் 25,000 அடி வரை.

சிக்கல் இங்குதான் உள்ளது. ஜெட் விமானம் இந்த அடுக்கைச் சில நிமிடங்களில் கடந்து மேலேறிவிடும். டர்போபிராப் விமானம் அதற்குள்ளேயே பயணம் செய்ய நேரிடுகிறது. அங்குள்ள நீர்த்துளிகள் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருப்பவை; உலோகத்தைத் தொட்டவுடன் பனிக்கட்டியாகிவிடும்.

என்ஜினின் காற்று நுழைவாயிலில் பனி சேர்ந்தால் காற்றோட்டம் குறையும். அது பெயர்ந்து உள்ளே சென்றால் கம்ப்ரஸர் தகடுகள் சேதமடையலாம். எரிப்பறையில் சுடரே அணைந்துபோகலாம். நுழைவாயிலில் உறிஞ்சப்படும் காற்று மேலும் குளிர்வதால், வெளி வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகைகள் மேலே இருக்கும்போதே இந்த ஆபத்து தொடங்கிவிடுகிறது. எனவே, நுழைவாயில் விளிம்பில் காற்றால் உப்பிப் பனியை உடைக்கும் ரப்பர் உறைகளும், புரொப்பல்லர் அலகுகளில் மின்சூடேற்றிகளும் பொருத்தப்பட்டுள்ளன. காற்றுப்பாதையும் வளைவாக உள்ளதால், கனமான துண்டுகள் திரும்ப இயலாமல் வெளியே வீசப்படுகின்றன.

என்ஜின் இவ்வாறு காக்கப்பட்டாலும் இறக்கை தப்புவதில்லை. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லானில் ஏடிஆர் 72 விழுந்து 68 பேர் உயிரிழந்தனர். ரப்பர் உறைகளுக்குப் பின்னால் படிந்த பனியே அதன் கட்டுப்பாட்டைக் குலைத்தது. 2024 ஆகஸ்ட் 9 அன்று பிரேசிலின் வின்யெடோவில் 62 பேருடன் விழுந்த வோபாஸ் விமானத்தில் எவரும் பிழைக்கவில்லை. பனி அதிகம் சேர்வதைத் துணை விமானி குறிப்பிட்டது குரல் பதிவில் உள்ளதாகவும், பனிநீக்க அமைப்பு பலமுறை இயக்கப்பட்டு அணைக்கப்பட்டதாகவும் முதற்கட்ட அறிக்கை கூறியது. வின்யெடோ மகரரேகைக்குச் சற்று வடக்கே, வெப்பமண்டலத்துக்குள்ளேயே அமைந்துள்ளது என்பது கவனத்துக்குரியது.

தென்னிந்தியாவுக்கு ஓர் அனுகூலம் உண்டு. பனி சேர்ந்தால் கீழே இறங்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர், அதாவது 9,000 அடிக்கும் குறைவு. 12,000 அடிக்கு இறங்கினாலும் மலை தடையாகாது. அங்குள்ள வெப்பமே பனியை உருக்கிவிடும். கூடுதல் எரிபொருள் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும், தயக்கமின்றி அந்த முடிவை எடுக்க விமானிக்கு நிறுவனம் இடமளிக்கிறதா என்பதே முக்கியம்.

இமாசலப் பிரதேசத்தின் ஷிம்லா, குலு தடங்களில் நிலைமை வேறு. குளிர்காலத்தில் அங்கு உறைநிலை மலைமுகடுகளுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கீழே சென்று பனியை உருக்க அங்கு இடமில்லை. அத்தகைய நாளில் புறப்படாமல் இருப்பதே விமானிக்கு உள்ள வழி.