கலங்கிய நீரும் வெளிறிய பவளமும்

பெங்களூரு கடற்கரை இல்லாத நகரம். ஆயினும் அங்குச் சில வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளில் மீன்களோடு பவள உயிரிகளும் வளர்க்கப்படுகின்றன. தொட்டி நீர் பால் கலந்ததுபோல் கலங்கியதும், வளர்ப்போர் பலர் நீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதுநீரை நிரப்புகின்றனர். பவளத்திற்குக் கலங்கலைவிட இந்த அவசரமே கேடு.

புதிய தொட்டியில் கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் திடீரெனப் பெருகும் பாக்டீரியாக்களே. மீன்கள் உண்ணாது விட்ட இரை அழுகி அம்மோனியா உண்டாகிறது. அந்நஞ்சை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் வேறு பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். இரையைக் குறைத்து, நீரை அளந்து பார்த்துப் பொறுத்திருந்தால் கலங்கல் தானே தெளியும். நீரை மாற்றுவதாயினும் சிறிது சிறிதாகவே மாற்றுதல் வேண்டும். குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின் உண்டு, ஆகவே ஆர்.ஓ. நீரே ஏற்றது. அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடல்மீன் தொட்டிக்குரிய உப்பைக் கரைக்க வேண்டும். சமையலுப்பு உதவாது!

பவளத்தின் நிறம் பெரிதும் அதன் உடலுள் வாழும் நுண்பாசியின் கொடை. வெப்பம் மிகுந்தால் பவளம் அப்பாசியை இழந்து வெளிறும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது இதுவே. அங்குள்ள பாறை அமைக்கும் பவளங்கள், 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் இடம்பெற்றவை. எனவே கடையில் வாங்குவோர் விலையை மட்டுமன்றி, அப்பவளம் வந்த கடலையும் கேட்டறிதல் கடமை.

அம்மோனியா அறவே நீங்கியபின் கோமாளி மீன்கள் இரண்டை விடலாம். பவளம் இன்னும் சில மாதங்கள் காத்திருக்கட்டும்.