துணைக்கு வந்தவர் நீட்டும் கணக்கு

2025 பெப்ரவரி 18ஆம் திகதி அமெரிக்காவும் ரஷ்யாவும் ரியாத் நகரில் கூடி, உக்ரேன் போரை எப்படி முடிப்பது என்று பேசின. உக்ரேனியர் ஒருவரும் அந்த மேசையில் இல்லை. அவர்களை யாரும் அழைக்கவும் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி இரு வல்லரசுகளின் ஜனாதிபதிகளும் அலாஸ்காவில் நேருக்கு நேர் சந்தித்தபோதும் அடிபட்ட நாட்டுக்கு அங்கே இடமிருக்கவில்லை. இடையில் ஏப்ரல் 30ஆம் திகதி, உக்ரேனின் கனிம வளத்தில் அமெரிக்காவுக்குப் பங்கு தரும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கொடுத்த உதவிக்கு ஈடாக 500 பில்லியன் டொலர் பெறுமதியான கனிமம் வேண்டும் என்றுதான் வாஷிங்டன் முதலில் கேட்டது. கடைசி ஒப்பந்தத்தில் அந்தப் பழைய கணக்கு விடப்பட்டது உண்மை. ஆனாலும் கேட்டது கேட்டதுதான். வீடு பற்றியெரியும்போது தண்ணீர் வாளிக்கு விலை பேசியவரை எந்த ஊரும் மன்னித்ததில்லை.

இது எங்கோ நடக்கும் வெள்ளையர் சண்டை, நமக்கென்ன என்று பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ ஒருவர் சொன்னால், அவர் காலடி மண்ணின் கதையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றே கொள்ள வேண்டும். இதே முறையில், இதே சொற்களால், எமது கரையும் ஒரு காலத்தில் கைமாறியது.

1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து சோனகரை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களுக்குத் தஞ்சம் கொடுத்து, அவர்களில் நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இந்தக் கரையின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றின் பழைய வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அப்படித் தஞ்சம் கொடுத்த இராச்சியம் தானே நெருக்கப்பட்டுக்கொண்டிருந்தது. போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள். 1628இல் மட்டக்களப்பில் புளியந்தீவிலும் கட்டினார்கள். கடலைப் பார்க்கும் எல்லா வாசல்களும் மூடப்பட்ட மலைநாட்டு அரசு ஒன்றுக்கு இரண்டே வழிதான் இருந்தது: அடங்கிப் போவது, அல்லது கடலில் பலமுள்ள இன்னொருவரைக் கூப்பிடுவது.

செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் இரண்டாவது வழியை எடுத்தான். பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்கு 1636இல் கடிதம் போனது. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அவன் தனது ஆட்களைக் கொண்டே நிர்மூலமாக்கினான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தரையில் அவனுக்கு யாருடைய கையும் தேவைப்படவில்லை. கோட்டைகளை உடைக்கப் பீரங்கியும் கப்பலும்தான் தேவைப்பட்டன. மே மாதம் தளபதி வெஸ்டர்வோல்ட் ஒல்லாந்தக் கப்பல்களோடு மட்டக்களப்புக்கு வந்தார். 18ஆம் திகதி கோட்டை விழுந்தது. 23ஆம் திகதி உடன்படிக்கை கையெழுத்தானது. மாவட்டக் கச்சேரி நெடுங்காலம் இயங்கிய அதே கோட்டைதான் அது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை பொத்துவில் மக்களும் கச்சேரிக் காரியங்களுக்கு அந்தப் பக்கமே போய் வந்தார்கள்.

உடன்படிக்கை சொன்னது இதுதான். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தர் உதவுவார்கள். செலவை அரசன் கறுவாவாலும் மிளகாலும் மெழுகாலும் அடைப்பான். யானை தவிர்ந்த வியாபாரம் ஒல்லாந்துக் கம்பனிக்கு மட்டும் உரியது. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்கும், அரசன் விரும்பினால். அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் அந்த நிபந்தனை இருந்தது. கம்பனியின் ஆசியத் தலைமையகமான பத்தேவியாவுக்குப் போன ஒல்லாந்தப் பிரதியில் அது இல்லை. கம்பனி பின்னர் நடந்துகொண்டதெல்லாம் அந்த இரண்டாவது பிரதியின்படியே.

1640இல் காலி விழுந்தது. கோட்டையைக் கொடு என்றான் அரசன். செலவுப் பணம் இன்னும் வரவில்லை, அதுவரை ஈடாக வைத்திருக்கிறோம் என்றது கம்பனி. கணக்கை எழுதியதும் அவர்களே, கூட்டியதும் அவர்களே. ஒவ்வொரு ஆண்டும் படைச்செலவு ஏறிக்கொண்டே போனது. அந்தக் கடனை எத்தனை மூட்டை கறுவா கொடுத்தும் தீர்த்திருக்க முடியாது.

அதைவிடக் கொடியது 1641இல் நடந்தது. ஹேக் நகரில் ஒல்லாந்தும் போர்த்துக்கலும் பத்தாண்டுப் போர்நிறுத்தம் செய்துகொண்டன. இலங்கையில் அது நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் சென்றன. 1644இல் கோவாவில் இரு தரப்பும் உட்கார்ந்து, கறுவா விளையும் நிலத்தை யார் எதுவரை வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தன. நிலத்தின் அரசன் அங்கே இல்லை. யாரை விரட்டவென்று அவன் துணைக்கு அழைத்தானோ, அவரோடு கைகுலுக்கியபடி துணைவர் அவன் நாட்டைப் பங்கு போட்டார். ரியாதையும் அலாஸ்காவையும் தொலைக்காட்சியில் பார்த்த எமக்கு அந்தக் காட்சியை மனதில் வரைந்துகொள்ளக் கடினமில்லை.

போர்நிறுத்தம் முடிந்தது, போர் மீண்டும் மூண்டது. ஏழு மாத முற்றுகைக்குப் பின் 1656 மே மாதம் கொழும்பு சரணடைந்தது. சரணடைந்தது ஒல்லாந்தரிடம் மட்டும். முற்றுகைக்குத் துணைநின்ற அரசனின் ஆட்களுக்கு நகர வாசலில் அனுமதி மறுக்கப்பட்டது.

இராஜசிங்கன் மாசற்றவன் என்று நாம் வாதாடவில்லை. பேசிய செலவுப் பணத்தை அவனும் இழுத்தடித்தான். ஒல்லாந்தத் தளபதி கொஸ்டர் 1640இல் கண்டியிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அரசனின் காவலர்களாலேயே கொல்லப்பட்டார். அதுவும் வாக்குமீறல்தான், அதையும் குற்றமென்றே எழுதுகிறோம். ஆனால் இரு குற்றங்களையும் ஒரே தட்டில் வைப்பதை ஏற்க மாட்டோம். ஒருவர் தனது நாட்டைத் திரும்பப் பெறுவதற்காக ஏமாற்றினார். மற்றவர் அடுத்தவர் நாட்டை வைத்துக்கொள்வதற்காக ஏமாற்றினார்.

நூறாண்டு கழித்தும் கதை முடியவில்லை. ஒல்லாந்தரின் பிடி தாங்காமல் கண்டி இம்முறை ஆங்கிலேயரை நாடியது. 1762இல் சென்னையிலிருந்து ஜோன் பைபஸ் திருகோணமலையில் இறங்கி மலையேறிப் போய் அரசனைக் கண்டார். கண்டிக்குத் தேவைப்பட்டது படைத்துணை. அதற்கு உறுதி எதுவும் கொடுக்காமலே தூதர் திரும்பினார். ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் அப்போது பகையில்லை, அதனால் கண்டியின் பகையும் அவர்கள் கண்ணில் படவில்லை. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி நகரைச் சூறையாடியது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கீர்த்தி சிறி இராஜசிங்கனிடமிருந்து கம்பனி பெற்ற உடன்படிக்கை, தீவைச் சுற்றியுள்ள கரையோரப் பட்டி முழுவதையும் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தது. பொத்துவிலும் பாணமையும் திருக்கோவிலும் சம்மாந்துறைக் கரையும் அந்தப் பட்டிக்குள் அடங்கின. தவளமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வெல்லச்ச வழியாக மலைக்குப் போய்வந்த எமது முன்னோர், ஒரு காலையில் எழுந்தபோது வேறொரு அரசின் குடிகளாக இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1802இல் பிரான்சிலுள்ள அமியன் நகரில் அதே கரை பிரித்தானியருக்குப் போனபோதும் கேட்கவில்லை. 1815இல் கண்டியே போனது.

ஆகவே உக்ரேனைப் பற்றிப் பேசும்போது எமக்கு இரவல் கோபம் தேவையில்லை. 1994 டிசம்பர் 5ஆம் திகதி புடாபெஸ்டில், உலகின் மூன்றாவது பெரிய அணுவாயுதக் குவியலைக் கைவிட உக்ரேன் சம்மதித்தது. அதற்குப் பதிலாக அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கையெழுத்திட்டன. கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் 2014இல் கிரைமியாவை எடுத்துக்கொண்டார், 2022 பெப்ரவரி 24இல் முழு நாட்டின் மீதும் பாய்ந்தார். இன்னொருவர் ஆயுதம் கொடுத்தார், பிறகு விலை கேட்டார், பிறகு பாய்ந்தவரோடு தனியே பேசப் போனார். முதற்குற்றவாளி ரஷ்யாவே. அதில் எமக்கு மயக்கமில்லை. ஆனால் துணைவர் என்ற பெயரில் அடிபட்டவரின் பலவீனத்தை முதலாக்குவது தனிக் குற்றம், முதற்குற்றம் பெரிதென்பதால் அது சிறிதாகிவிடாது.

இங்கே எமது வாசகர்களிடம் நேராகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜும்ஆவுக்குப் பின் காஸாவுக்காகக் கண்ணீரோடு கையேந்தும் ஊர்கள் இவை. அந்தக் கண்ணீர் நியாயமானது. 1915இலும் 1916இலும் தனது அதிகாரி மக்மகோன் எழுதிய கடிதங்களில் அரபியருக்குச் சுதந்திரம் வாக்களித்த பிரித்தானியா, அதே 1916இல் பிரான்சோடு அந்த நிலத்தை இரகசியமாகப் பங்கு போட்டது. 1917 நவம்பரில் பல்ஃபர் பிரகடனத்தின் மூலம் பலஸ்தீனில் மூன்றாமவரான யூதருக்குத் தேசியத் தாயகம் வாக்களித்தது. ஒரே நிலத்துக்கு மூன்று வாக்குறுதி. அதன் இரத்தம் இன்றும் காயவில்லை. ஆனால் பலஸ்தீனுக்காக அழும் சிலர் உக்ரேன் என்றதும், அமெரிக்காவுக்கு வேண்டியவர்கள்தானே, பட்டுத் தெளியட்டும் என்கிறார்கள். உக்ரேனுக்காகக் கொதித்தெழுந்த மேற்கத்தேயத் தலைநகரங்கள் காஸாவுக்கு முன் வாயடைத்து நின்றதைக் கண்டிக்கும் தகுதியை, அப்படிப் பேசும் அந்தக் கணத்திலேயே அவர்கள் இழந்துவிடுகிறார்கள். படையெடுத்தவர் யார், படையெடுக்கப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு, அவர் எந்த மார்க்கத்தவர், யாருடைய நண்பர் என்று பார்த்துப் பதில் சொல்ல எமக்கு மார்க்கம் அனுமதி தரவில்லை.

துணைநின்றால் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கும் எமக்கு முன்மாதிரி இருக்கிறது. ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் குஸாஆ கோத்திரத்தார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தரப்பில் சேர்ந்தார்கள். குறைஷியரின் உதவியோடு பனூ பக்ர் கோத்திரம் இரவில் அவர்களைத் தாக்கியது. குஸாஆவின் தூதர் மதீனாவுக்கு ஓடி வந்து முறையிட்டார். உதவி செய்யப்படும் என்று அங்கேயே சொல்லப்பட்டது. உடன்படிக்கையைப் புதுப்பித்துச் சமாளிக்க குறைஷியரின் தலைவர் அபூ ஸுஃப்யான் மக்காவிலிருந்து வந்து பார்த்தார். குஸாஆவின் தலைக்கு மேலால் அவரோடு பேரம் பேசப்படவில்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு படை மக்காவை நோக்கிப் புறப்பட்டது.

எமது அரசாங்கத்தின் பங்கையும் மறைக்க முடியாது. 2022 மார்ச் 2ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து வாக்களித்தன. ஐந்து நாடுகள் எதிர்த்தன. நடுநிலை என்று ஒதுங்கிய 35 நாடுகளில் இலங்கையும் ஒன்று. ரஷ்யா எமது தேயிலையை வாங்கும் நாடு, அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட ரஷ்யரும் வருகிறார்கள், அந்த மார்ச்சில் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றது. எல்லாம் தெரியும். ஆனால் சிறிய நாடொன்றை அயல் வல்லரசு விழுங்கலாமா என்ற கேள்வியில் இலங்கைக்கு நடுநிலை என்று ஒரு இடம் கிடையாது. எமக்காக ஒருநாள் அதே சபையில் கை உயர வேண்டி வந்தால், யாரிடம் எந்த முகத்தோடு கேட்போம்?

அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றுள்ள உறுப்பினர்கள், வரும் அமர்விலேயே வெளிவிவகார அமைச்சரிடம் இதைக் கேட்க வேண்டும்: அன்றைய வாக்கைத் தீர்மானித்தது யார், எந்தக் காரணத்துக்காக, இனி வரும் வாக்கெடுப்புகளில் பலஸ்தீனுக்கும் உக்ரேனுக்கும் ஒரே அளவுகோலா. பதில் ஹன்சார்ட்டில் பதிவாக வேண்டும். கேட்காதவர்களின் பெயரை இப்பத்திரிகை வெளியிடும்.