கையெழுத்துக்கு முன்

1982 ஜூலையில் ஒரு கார் விபத்து. கழுத்தெலும்பு பிசகிப் பெட்டாலிங் ஜெயாவில் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, கைகால்கள் முடங்கிப்போயின. இப்படியும் ஆகலாம் என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று அவர் நீதிமன்றம் போனார். 2006 டிசம்பர் 29இல்தான் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு எவ்வளவு சொல்வது என்பதை மருத்துவர்கள் தங்களுக்குள் முடிவுசெய்துகொள்ள முடியாது, முக்கியமான ஆபத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றது. சட்ட மாணவர்கள் ஃபூ ஃபியோ நா வழக்கு என்று படிக்கிறார்கள். அந்த நியாயத்துக்கு 24 ஆண்டுகள் ஆயின.

கிள்ளானில் தாதியாக இருக்கும் என் அண்ணன் மகள் இரவு வேலை முடிந்து வந்து கைப்பேசியில்தான் பாடம் படிக்கிறாள். நோயாளியின் மரியாதை, ஒப்புதல், இரகசியம் காத்தல் என்று ஸ்லைடுகள் நகரும். கடைசியில் சரியான விடைகளைத் தட்டினால் சான்றிதழ். நேரங்கெட்ட நேரத்தில் வேலை பார்ப்பவளுக்கு இயங்கலை வகுப்பு பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் நோயாளியின் உரிமை பற்றிய அந்தப் பாடத்தில் நோயாளி ஒருவர்கூட வாய் திறப்பதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் என் பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பசார் மலாய் சரளமாக வரும். படிவத்து மலாய் புரியாது. மருத்துவமனையில் "ஆன்ட்டி, சைன் சினி" என்று தாளை நீட்டினார்கள், போட்டுவிட்டார். என்ன சிகிச்சை என்பதே மகன் வந்து விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா மிஸ்ஸி ஏசுவாங்களோன்னு பயமா இருந்துச்சு தம்பி."

நோயாளிகள் சாசனம் மலேசியாவில் 1995லேயே வந்துவிட்டது. அதை மனப்பாடம் செய்த தாதிக்கும் இந்தப் பயம் கண்ணுக்குத் தெரியாது. யாராவது அவளிடம் சொன்னால்தான் தெரியும்.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய 'எக்கோ' திட்டத்தில், ஊர்ப்புற மருத்துவர்கள் திரை வழியே நிபுணர்களோடு கூடி, தங்களிடம் வந்த நோயாளிகளைப் பற்றியே பேசிக் கற்றார்கள். ஹெபடைடிஸ் சி சிகிச்சைக்காக வந்த முறை அது. மரியாதையையும் அப்படியே கற்கலாம்: இன்று நம் வார்டில் யாரிடம் விளக்காமல் கையெழுத்து வாங்கினோம், அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல யார் இருந்தார்கள் என்று வாரம் ஒருமுறை அரைமணி நேரம் பேசினால் போதும்.

பாடம் தயாரிப்பவர்களுக்கு ஒரு தகவல். பாட்டியிடம் கேட்டுவிட்டேன், பேசச் சம்மதம். தமிழில்தான் பேசுவார். கீழே மலாய் எழுத்து ஓடட்டும்.