31 இரும்புக் கட்டியும் எங்க ஊர் பட்டறையும்

பங்குனித் திருவிழாவுக்கு மயிலாப்பூர் போயிருந்தேன். பொண்ணு வீடு சித்திரக்குளம் பக்கம். அறுபத்து மூவர் அன்னைக்கு மாட வீதியில கூட்டத்துல நசுங்கி, மோர் குடிச்சி, சாமி பார்த்துட்டு வந்து உக்காந்தா, பேரன் டேப்லெட்ல தலையைக் கவுத்துக்கிட்டு இருக்கான். எல்லாத் தாத்தாவும் சொல்றதைத்தான் நானும் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அந்தத் திரையில ஒண்ணு கண்ணுல பட்டுது. கருப்பா, மேல அகலம், நடுவுல ஒடுங்கின இடுப்பு, கீழ மறுபடி அகலம்.

"டேய், இது பட்டறைக்கல்லாச்சே!"

"இல்ல தாத்தா, இது ஆன்வில்."

ரெண்டும் ஒண்ணுதான்னு அவனுக்குப் புரிய வைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. அந்த விளையாட்டுல அது என்ன வேலை செய்யுதுன்னு எனக்குப் புரிய வைக்க அவனுக்கு ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்தைப் பத்திதான் இந்தப் பதிவு.

விளையாட்டு பேரு மைன்கிராஃப்ட். உங்க வீட்டுப் பிள்ளைங்களும் ஆடிக்கிட்டு இருக்கும். ஸ்வீடன் நாட்டுல பண்ணது. 2011-ல முழுசா வெளிவந்து, 2014-ல மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கின சமாச்சாரம். எல்லாமே சதுரக் கட்டிதான். மண் கட்டி, கல் கட்டி, மரக் கட்டி. வெட்டி எடுக்கணும், அடுக்கிக் கட்டணும். வெட்டறதுக்கு ஆயுதம் வேணும். மண்வெட்டி, கோடாலி, குத்துக்கோல் எல்லாம் உண்டு. முக்கியமான விஷயம், அந்த ஆயுதம் தேயுது. இரும்புல செஞ்சது 250 தடவை வேலை செஞ்சா உடைஞ்சி காணாமப் போயிடும். வைரத்துல செஞ்சது 1561 தடவை தாங்கும். தேய்மானம் இருக்குன்னு சொல்லிக் குடுக்கற விளையாட்டுன்னு தெரிஞ்சதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துட்டுது.

தேயறதைச் சரி பண்ணத்தான் அந்தப் பட்டறைக்கல். அதைச் செய்யறது லேசு இல்ல. மேல் வரிசையில மூணு இரும்பு பிளாக், நடுவுல ஒரு இரும்புக் கட்டி, கீழ மூணு கட்டி. ஒரு பிளாக் செய்ய ஒன்பது கட்டி வேணும். கூட்டிப் பார்த்தா 27-ம் 4-ம் 31 கட்டி. அத்தனையும் பூமிக்குள்ள போய் வெட்டி எடுத்து, உலையில உருக்கி, சேர்த்து வைக்கணும். ஒரு மண்வெட்டிக்கு ரெண்டு கட்டி போதும். பட்டறைக்கல்லுக்கு 31. பையன் நாலு நாள் சேர்த்தானாம்.

இது வரைக்கும் சரி. எங்க ஊர்லயும் பட்டறைக்கல்லுதான் பட்டறையிலேயே விலை கூடின பொருள். எங்க ஆசாரி வச்சிருக்கிறது அவங்க அப்பா காலத்துக் கல்லு. புளியங்கட்டையில பதிச்சி, கட்டையைப் பூமியில புதைச்சி வச்சது. வீட்டைப் பிரிச்சிக் கட்டினப்போ கூட அதை நகர்த்தலை.

அடுத்து அவன் ஒண்ணு சொன்னான் பாருங்க, அதுலதான் எனக்கு உறுத்தல் ஆரம்பிச்சுது.

"தாத்தா, மண்வெட்டியை ஆன்வில்ல வச்சி ரிப்பேர் பண்ணா வேஸ்ட்."

ஏன்டான்னு கேட்டேன். கணக்கு சொன்னான். ஒரு இரும்புக் கட்டி போட்டா ஆயுதத்தோட ஆயுசுல கால் பங்குதான் ஏறும். முழுசாத் தேஞ்சதைச் சரி பண்ண நாலு கட்டி வேணும். புதுசு செய்யறதுக்கு ரெண்டு கட்டியும் ரெண்டு குச்சியும் போதும். அப்புறம் எவன் ரிப்பேர் பண்ணுவான்? அதோட, ரிப்பேருக்குன்னு அனுபவப் புள்ளியும் கழியும். மந்திரம் ஏத்தின ஆயுதமா இருந்தா மட்டும் பட்டறைக்குக் கொண்டு போகலாம், ஏன்னா அந்த மந்திரம் புதுசுல வராது.

இன்னொண்ணும் சொன்னான். ஒரே ஆயுதத்தை ரெண்டாவது தடவை கொண்டு போனா கூலி ஏறும். மூணாவது தடவை இன்னும் ஏறும். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ரெட்டிப்பு. அஞ்சாறு தடவைக்கு மேல போனா சிவப்பு எழுத்துல 'ரொம்ப விலை'ன்னு வந்து, செய்யவே மாட்டேன்னு சொல்லிடும். கையில எவ்வளவு இருந்தாலும் சரி, அது வாங்காது.

அவன் இதை ஏதோ இயற்கை விதி மாதிரி சொன்னான். மழை மேலேர்ந்து பெய்யும், தண்ணி பள்ளத்துக்கு ஓடும், ரிப்பேர் கூலி ரெட்டிப்பாகும். நான் சொன்னேன், "கண்ணா, இது இரும்போட குணம் இல்ல. யாரோ உக்காந்து எழுதி வச்ச விதி."

நிஜ இரும்பு எப்படின்னு சொல்றேன். எங்க வீட்டுக் கடப்பாரை எங்க அப்பா வாங்கினது. முனை மழுங்கினா பட்டறைக்குப் போகும். ஆசாரி உலையில வச்சி, துருத்தி சுத்தி, செக்கச்செவேல்னு பழுத்ததும் எடுத்து முனையை அடிச்சிக் கூராக்கி, தண்ணியில முக்கித் துவைச்சல் போட்டுக் குடுப்பார். எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல. அடிச்சி அடிச்சி அது ஒரு சாணுக்கு மேல குட்டையாயிட்டுது. இன்னும் வேலை செய்யுது. எந்தத் தடவையும் கூலி ரெட்டிப்பாகலை. மண்வெட்டி தேஞ்சா, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி முன்னால வச்சி அடிச்சிக் குடுப்பார். அது கடையில வாங்கின தகட்டை விட ஜாஸ்தி நாள் வரும். கருக்கருவாள் பல்லு மழுங்கினா மறுபடி கருக்கு வெட்டுவார். சரி பண்ணப் பண்ணப் பொருள் நம்ம கைக்கு இன்னும் பழகித்தான் வரும். நான் இடது கைக்காரன். என் அருவாளுக்கு எந்தப் பக்கம் கருக்கு வெட்டணும்னு அவருக்குச் சொல்லவே வேணாம்.

'ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்.' இந்த வார்த்தையை நான் மயிலாப்பூர்ல கேக்கறேன், வந்தவாசியில கேக்கறேன், எங்க ஊர் டீக்கடையிலயும் கேக்கறேன். இதுவும் யாரோ எழுதின விதிதான். நான் ஒரு பேட்டரி மருந்து தெளிப்பான் வாங்கினேன். ரெண்டாவது வருஷம் உள்ள இருக்கிற சின்ன போர்டு போயிட்டுது. டேங்க் நல்லா இருக்கு, மோட்டார் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு. வாங்கின கடையில "போர்டு தனியா வராதுங்க, புதுசு எடுத்துக்குங்க"ன்னாங்க. இரும்பு ஒண்ணும் மாறிடலை. போர்டு தனியா விக்கக் கூடாதுன்னு எங்கேயோ யாரோ முடிவு பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான். திரையில வந்த சிவப்பு எழுத்து மாதிரியே.

இந்த விதியை மாத்த முடியாதுன்னும் இல்ல. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2023-ல சட்டம் போட்டு, 2024 ஜனவரியிலேர்ந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. விவசாய இயந்திரம் செய்யற கம்பெனி, அதுக்கான பாகம், கருவி, மென்பொருள், விளக்கப் புத்தகம் எல்லாத்தையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் குடுத்தாகணும். நூத்துக்கணக்கான ஏக்கர் வச்சிருக்கிற அந்த விவசாயியும் "என் டிராக்டரை நானே பிரிக்க விடு"ன்னுதான் கேட்டிருக்கான். நம்ம நாட்டுலயும் 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை ஒரு குழு போட்டுது. அந்த வருஷம் டிசம்பர் 24-ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளமும் திறந்தாங்க. நாலு துறை எடுத்துக்கிட்டாங்க: விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம். விவசாயக் கருவியும் அதுல இருக்குதுன்னு பார்த்தப்போ எனக்குச் சந்தோஷம். தகவல் ஒரு இடத்துல கிடைக்கறது நல்லதுதான். ஆனா தகவல் வேற, பட்டறை வேற. பாகம் கடைக்கு வரணும். அதை மாட்டத் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருக்கணும்.

அந்த ஆளைப் பத்தித்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன்.

விளையாட்டுல ஒரு விதி ரொம்ப நியாயமா இருக்கு. ஒவ்வொரு தடவை ரிப்பேர் பண்ணும்போதும் அந்தப் பட்டறைக்கல்லே பழுதாக நூத்துக்கு 12 வாய்ப்பு உண்டு. முதல்ல விரிசல் விடும், அப்புறம் சேதமாகும், அப்புறம் போயே போயிடும். சராசரியா 25 தடவை தாங்குமாம். அப்புறம் மறுபடி 31 கட்டி தேடணும். சரி பண்றவனும் தேயறான்னு அந்த விளையாட்டை எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஊர்ல எங்களுக்குத் தெரியலை.

எங்க அப்பா காலத்துல ஆசாரிக்கு ஒவ்வொரு வேலைக்கும் காசு கிடையாது. அறுவடைக் களத்துல, நெல்லு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாலயே அவர் பங்கை அளந்து குடுத்துடுவாங்க. அதுக்குச் சுதந்திரம்னு பேரு. அந்த ஏற்பாட்டுல குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அளக்கறவன் கை சுருங்கினா ஆசாரி வாயைத் திறக்க முடியாது. சாதி பார்த்து வாசல்ல நிக்க வச்ச காலம் அது. அது போனதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அதுக்குப் பதிலா நாங்க எதையும் வைக்கலை. ஏர் போச்சு, டிராக்டர் வந்துது, கொழு அடிக்கற வேலை நின்னு போச்சு. மண்வெட்டியை டவுன்ல வாங்கினோம், தேஞ்சா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டோம். நானும்தான் போட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை கருக்கு வெட்ட மட்டும் ஆசாரி வேணும், மீதி நாள் அவர் என்ன சாப்பிடுவார்னு யோசிக்கலை.

ஆசாரிக்கு எழுபது தாண்டியாச்சு. பையன் டவுன்ல வெல்டிங் கடை வச்சிருக்கான். திருவிழாவுக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் அருவாளோட போனேன். "சித்திரையோட மூடிடலாம்னு இருக்கேன். கரி வாங்கற காசுக்குக் கூட வேலை வரல"ன்னார். கல்லை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "எடைக்குப் போட வேண்டியதுதான்"ன்னார். எனக்குப் பேச்சு வரலை.

2025 ஜனவரியில நம்ம தமிழ்நாட்டுல இரும்புக்கு 5300 வருஷப் பழமைன்னு, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில எடுத்த மாதிரிகளை வச்சி அறிவிச்சாங்க. கேக்கப் பெருமையாத்தான் இருந்துது. எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் கைதட்டினோம். அதே குரூப்ல இருக்கிற அத்தனை பேர் வீட்டு மண்வெட்டியும் டவுன் கடைத் தகடு. 5300 வருஷத்து இரும்பைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கறதுக்கு ஆள் இருக்கு. பக்கத்துத் தெருவுல எரியற உலைக்குக் கரி வாங்க ஆள் இல்ல.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு இதுல என்ன வந்துதுன்னு கேக்கலாம். உங்களுக்கு நேரம் கிடையாது, அது எனக்குத் தெரியும். சில சாமான் நிஜமாவே சரி பண்ணத் தகுதி இல்லாததுதான், அதையும் ஒத்துக்கறேன். ஆனா கணக்குப் போடும்போது இன்னைக்கு ஆகற செலவை மட்டும் போடாதீங்க. இந்த மிக்சியைத் தூக்கிப் போட்டா, மிக்சி சரி பண்ற ஆளுக்கு ஒரு வேலை குறையுது. நாலு பேர் போட்டா அவர் கடையை மூடிடுவார். அப்புறம் நீங்க சரி பண்ணணும்னு நினைச்சாலும் முடியாது. 'புதுசே லாபம்'ங்கறது அப்போதான் நூத்துக்கு நூறு உண்மையாகும். அதை உண்மையாக்கினது நம்ம கைதான்.

திருவிழா முடிஞ்ச மறுநாள் காலையில தெருவுல சத்தம். சாணை பிடிக்கறவர் சைக்கிள்ல கல்லைக் கட்டிக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தார். பொண்ணு சமையல் ரூம்ல அஞ்சு கத்தி, அஞ்சும் மொட்டை. "ஆன்லைன்ல புது செட் போட்டிருக்கேம்ப்பா"ன்னா. பேரன் பால்கனியிலேர்ந்து எட்டிப் பார்த்துட்டு, "தாத்தா, கிரைண்ட்ஸ்டோன்!"னு கத்தினான். அதுவும் அந்த விளையாட்டுல இருக்காம். கல் பலகை ஒண்ணு, குச்சி ரெண்டு, மரப் பலகை ரெண்டு வச்சி செய்யறது. தேஞ்ச ஆயுதம் ரெண்டைச் சேர்த்து ஒண்ணாக்கிக் குடுக்கும், ஆனா ஏத்தின மந்திரத்தை எடுத்துடும்.

அஞ்சு கத்தியையும் பேப்பர்ல சுத்திக்கிட்டு ரெண்டு பேரும் இறங்கினோம். அவர் மிதிக்க மிதிக்கக் கல்லு சுத்தி, பொறி பறந்துது. பையன் வாயை மூடலை. "இவருக்கு இந்தக் கல்லும் தேயுமா?"ன்னு கேட்டான். சாணைக்காரர் சிரிச்சிட்டு, "தேயுதே தம்பி, கல்லு மாத்திக்கிட்டேதான் இருக்கோம்"ன்னார். பொண்ணு மேலே போனதும் அந்த ஆர்டரை ரத்து பண்ணிட்டா.

ஊருக்குத் திரும்பி நாலஞ்சு வீட்டுக்காரங்ககிட்ட பேசினேன். இந்த நவரை அறுவடையில, வேலைக்குக் குடுக்கற கூலி போக, ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல்லு ஆசாரிக்கு. பங்குன்னு இல்ல, உலை அணையாம இருக்கறதுக்கு. ஆடிப் பட்டத்துக்கு முன்னால வீட்டுல தேஞ்சி கிடக்கிற எல்லாச் சாமானையும் பட்டறைக்குக் கொண்டு வரணும், டவுன்ல புதுசு வாங்கக் கூடாது. மூணு பேர் சரின்னாங்க. ஒருத்தர் யோசிச்சிச் சொல்றேன்னார். இன்னொருத்தர், "அவரே மூடறேங்கறார், உனக்கு என்ன?"ன்னார். ஆசாரி, "ஆடி வரைக்கும் பார்க்கலாம்"ன்னு சொல்லியிருக்கார். கத்துக்க ஒரு ஆளும் கிடைச்சாதான் இது நிக்கும், அது எனக்கும் தெரியும். அந்த ஆளு இன்னும் கிடைக்கலை.

லீவுக்கு ஊருக்கு வர்ற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல உலை எரியுதான்னு ஒரு தடவை போய்ப் பாருங்க. எரிஞ்சா, பரண்ல கிடக்கிற அரிவாள்மணையையாவது எடுத்துக்கிட்டுப் போங்க. பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அதுக்குப் பட்டறைக்கல்லு என்னன்னு ஏற்கெனவே தெரியும். என் பேரன் மே மாசம் வர்றான். அந்தக் கல்லு அது வரைக்கும் எடைக்குப் போகாம இருக்கணும்.